பத்தமடைப் பாய்ப் படங்கள் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் சிறிதாக்க முடியுமா?

முடியும். உங்கள் படங்கள் ஒவ்வொன்றும் 6000×4000 பிக்சல், இணையக் கடையில் ஏற்ற 1600க்குள் வேண்டும், ஒவ்வொன்றாகத் திறந்து மூட நேரமில்லை என்கிறீர்கள். சேரன்மகாதேவியில் ஒரு கடைக்கு நானும் இதே வேலையைத்தான் செய்து கொடுக்கிறேன். பயன்படுத்துவது இமேஜ்மேஜிக் என்ற படம் திருத்தும் மென்பொருள். இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஜான் கிறிஸ்டி என்பவர் டூபான்ட் நிறுவனத்தில் இருந்தபோது 1987இல் எழுதத் தொடங்கி, 1990இல் வெளியே விட்டது. பழைய சரக்கு என்று ஒதுக்க வேண்டாம், இன்றும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கட்டளை இது. இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மேஜிக் என்பது magick, மோக்ரிஃபை என்பது mogrify. பெருக்கல் குறி இருக்கும் இடத்தில் ஆங்கில எக்ஸ் வரும்.

மேஜிக் மோக்ரிஃபை -பாத் சிறிது -ஆட்டோ-ஓரியன்ட் -ரீசைஸ் "1600×1600>" -குவாலிட்டி 85 "*.ஜேபிஜி"

இதில் 'பாத்' மட்டும் விட்டுப்போகவே கூடாது. அது இல்லாவிட்டால் மோக்ரிஃபை மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும், கேட்காது, எச்சரிக்காது. சுருக்கிய படங்கள் போய்ச் சேரும் 'சிறிது' என்ற ஃபோல்டரை முதலில் நீங்களே உருவாக்கி வைக்க வேண்டும். மோக்ரிஃபை தானாக உருவாக்காது. 1600×1600 என்று போட்டால் படம் சதுரமாக நசுங்கிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அந்தச் சதுரத்துக்குள் அடங்கும்படி விகிதம் மாறாமல் சுருக்கும். உங்கள் படம் 1600×1067 ஆக வரும். கடைசியில் இருக்கும் > குறிக்கு, இதைவிடப் பெரிய படங்களை மட்டும் சுருக்கு, சின்னதை ஊதிப் பெரிதாக்காதே என்று பொருள். மேற்கோள் குறி இல்லாமல் விட்டால் அந்த > குறியை, டெர்மினலில் தட்டுவதைப் படித்து நிறைவேற்றும் ஷெல் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் ஒற்றை மேற்கோள் செல்லாது, இரட்டைதான்.

இதுவரை சொன்னது கல்யாணப் படத்துக்கும் கோயில் கொடைப் படத்துக்கும் போதும். பாய்க்குப் போதாது.

பத்தமடைப் பட்டுப்பாயில் கோரையை அவ்வளவு மெல்லியதாகக் கீறி நெய்கிறார்கள். அதனால் படம் முழுக்க நெருக்கமான கோடுகள். பெரிய படத்தில் ஒரு கோட்டுக்குச் சில பிக்சல்களாவது இருக்கும். சுருக்கினால் ஒரு பிக்சல்கூட மிஞ்சாது. அப்போது நாலு பிக்சலுக்கு ஒன்று என்று பொறுக்கி எடுத்தால், பாயில் இல்லவே இல்லாத அலைகள் படத்தில் தெரியும். வாங்குகிறவர் கறை என்று நினைத்துக்கொள்வார். வேகமாக ஓடும் என்று சிலர் 'ரீசைஸ்' இடத்தில் 'சாம்பிள்' போடச் சொல்வார்கள். அது இப்படித்தான் பொறுக்கி எடுக்கும், பாய்க்கு வேண்டவே வேண்டாம். ரீசைஸ் அக்கம்பக்கத்துப் பிக்சல்களையும் கணக்கில் சேர்க்கும். அப்படிச் சேர்க்கும் கணக்கு முறைக்கு வடிகட்டி என்று பெயர். சுருக்கும்போது அது வழக்கமாக எடுத்துக்கொள்வது லான்சோஸ் வடிகட்டி. 400 பிக்சல் அளவுக்குச் சின்னப் படம் செய்யும்போது அதிலும் அலை தெரிந்தால், ரீசைஸுக்கு முன்னால் '-ஃபில்டர் மிட்செல்' என்று சேர்த்துப் பாருங்கள், கொஞ்சம் மென்மையாக வரும். ஆனால் கேமராவில் எடுத்தபோதே அலை விழுந்திருந்தால் எந்தக் கட்டளையும் உதவாது. தூரத்தையோ கோணத்தையோ மாற்றித் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

அடுத்தது சிவப்பு. ஜேபெக் (ஜேபிஜி) கோப்பில் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தோடும் சேமிப்பது வழக்கம். முகத்துக்கும் மரத்துக்கும் கண் கண்டுபிடிக்காது. கோரை நிறத்தின் மேல் மெல்லிய சிவப்புக் கரை ஓடினால் கண்டுபிடித்துவிடும், ஓரம் கலங்கியிருக்கும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்திருப்பார்களே, அந்த எழுத்தும் அப்படித்தான் மங்கும். '-சாம்ப்ளிங்-ஃபேக்டர் 4:4:4' என்று சேர்த்தால் நிறமும் முழு நுணுக்கத்தோடு நிற்கும். கோப்பு கொஞ்சம் கனக்கும். பரவாயில்லை, விற்பதே அந்தக் கரையைக் காட்டித்தான்.

நெய்கிறவர் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கைபேசியில் எடுத்த படங்களும் இருக்கின்றனவா? இடம் பதிவாகும் வசதி திறந்திருந்தால் அந்த வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகை படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். '-ஸ்ட்ரிப்' போட்டால் போய்விடும். போடுவது மரியாதை என்பேன். ஆனால் அது படம் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற குறிப்பையும் அழிக்கும். ஆட்டோ-ஓரியன்ட் இல்லாமல் ஸ்ட்ரிப் மட்டும் போட்டால் நெட்டாக எடுத்தது படுத்துவிடும். நிற விவரக்குறிப்பும் போகும். ஐபோன் படங்கள் பெரும்பாலும் அகலமான நிறவெளியில் இருப்பதால் சிவப்பு சோர்ந்து தெரியும். அவற்றுக்கு மட்டும் முதலில் '-ப்ரொஃபைல்' வழியாக, இணையத்தில் வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஸ்ட்ரிப் போடுங்கள். ஜேபிஜிக்குப் பதிலாக ஐபோன் சேமிக்கும் ஹெய்க் (HEIC) வகைக் கோப்புகளாகவே இருந்தால், கட்டளையின் கடைசியில் ஜேபிஜி இடத்தில் ஹெய்க் என்று மாற்றி, '-ஃபார்மட் ஜேபிஜி' என்பதையும் சேர்க்க வேண்டும்.

மற்றவை சில்லறை. உங்கள் கணினியில் இருப்பது 6ஆம் பதிப்பு என்றால் 'மேஜிக்' என்ற சொல்லை விட்டுவிட்டு மோக்ரிஃபையில் தொடங்குங்கள். பழைய குறிப்புகளில் வரும் 'கன்வர்ட்' கட்டளையை விண்டோஸில் தட்டாதீர்கள். அதே பெயரில் வட்டின் கோப்பு அமைப்பை மாற்றும் விண்டோஸ் கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. லினக்ஸில் பெரிய எழுத்து ஜேபிஜியும் சின்ன எழுத்து ஜேபிஜியும் வேறு வேறு. கேமரா பெரும்பாலும் பெரிய எழுத்தில்தான் பெயர் வைக்கும், அதனால் 'படமே இல்லை' என்று சொன்னால் முதலில் அதைப் பாருங்கள்.