‘துருவங்கள் பதினாறு’ படத்தை விமர்சகர்கள் தேவைக்கு மேல் கொண்டாடிவிட்டார்களா?

இல்லை. கொண்டாட வேண்டிய படம்தான். ஆனால் கொண்டாடிய காரணத்தில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு.

2016 டிசம்பர் கடைசியில் வந்த சின்ன பட்ஜெட் படம் அது. பாட்டு கிடையாது, தனி காமெடி டிராக் கிடையாது, முக்கிய வேடங்களில் நடிகர் ரகுமானைத் தவிர அதிகம் தெரிந்த முகமும் கிடையாது. இயக்குநர் கார்த்திக் நரேனோ இருபதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்த புதுமுகம். அதனால் பாராட்டியவர்கள் பலரும் அவருடைய வயதையும் கடைசி நேரத் திருப்பங்களையுமே பிடித்துக்கொண்டார்கள். படத்தின் உண்மையான பலம் அதற்கு முன்பே இருக்கிறது.

ஒரு காலை இழந்து ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி தீபக் (ரகுமான்), பழைய வழக்கு ஒன்றை ஓர் இளைஞரிடம் சொல்கிறார். நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அவர் சொல்லும் கதை. அவர் சொல்வது எவ்வளவோ, நமக்குத் தெரிவதும் அவ்வளவுதான். அவர் ஒரு தகவலைத் தப்பாகக் கோத்தால் நாமும் கூடவே தப்பாகக் கோக்கிறோம். பல திரில்லர்களில் இயக்குநர் முக்கியமான துப்பைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு கடைசியில் எடுத்து நீட்டுவார்; பார்க்கிறவனுக்கு ஏமாந்த எரிச்சல்தான் மிஞ்சும். இதில் துப்புகள் கண்ணெதிரே கிடக்கின்றன, நாம்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிவு தெரிந்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள், ரகுமானின் முகமே வேறு மாதிரி தெரியும். அந்த நடிப்புக்குக் கிடைத்த பாராட்டு இன்னும் கூடவே கிடைத்திருக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பகுதியில் முடிச்சுகள் அடுக்கடுக்காக அவிழ்கின்றன. ஒன்றை ஜீரணிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. குழப்பமாக இருக்கிறது என்று சொன்னவர்களை ‘கவனமாகப் பார்க்கவில்லை’ என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. குற்றத்துக்குப் பின்னால் இருக்கும் வலியைச் சொல்ல இன்னும் சில நிமிடங்கள் ஒதுக்கியிருந்தால், மூளைக்கு எட்டிய முடிவு மனசுக்கும் எட்டியிருக்கும்.

அப்புறம் ஒன்று. இந்த மாதிரிப் படத்துக்கு விமர்சகர் செய்யக்கூடிய பெரிய உதவி, கதையைச் சொல்லாமல் விடுவது. பெரிய நட்சத்திரப் படம் எந்த விமர்சனம் வந்தாலும் முதல் மூன்று நாள் ஓடிவிடும். சின்னப் படத்துக்கு, பார்த்தவர் அடுத்தவரிடம் ‘எதுவும் கேட்காதே, போய்ப் பார்’ என்று சொன்னால்தான் இரண்டாவது வாரமே கிடைக்கும்.