சின்னப் பிள்ளைகளுக்குச் சிலம்பம்: மாஸ்டரிடம் வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள்

காட்பாடி அம்மா: பையனுக்கு ஆறு வயசு. கம்பு என்ன உயரம் வாங்கணும்?

நிமிர்ந்து நின்னா புருவம் வரைக்கும் வந்தா போதும்மா. "வளர்ந்துடுவான்"னு நீளக் கம்பு கொடுத்தா நுனி தரையில இடிக்கும், அதிர்வு மணிக்கட்டுக்குப் போகும். கனமான மூங்கில் வேண்டாம், பிரம்பு போதும். பிடிச்சா கட்டைவிரலும் நடுவிரலும் சுத்தி வந்து தொடணும். தினமும் எடுக்குறதுக்கு முன்னாடி பழைய பருத்தித் துணியால கம்பை உருவிப் பாருங்க. நூல் சிக்குற இடத்துல சிலாம்பு இருக்கும்.

குடியாத்தம் அக்கா: பாப்பாவுக்கு ஏழு வயசு. ரெண்டே வாரத்துல போரடிக்குதுன்னு அழறா.

கால் மாத்தி வைக்கிற காலடியையே ஒரு மணி நேரம் போட வெச்சா யாருக்கும் போரடிக்கும். 45 நிமிஷம் போதும். 10 நிமிஷம் ஓடிப் பிடிக்கட்டும். 15 நிமிஷம் காலடி; சாக்பீஸால கட்டம் போட்டுட்டா பாண்டி ஆடுற மாதிரி தானா மிதிப்பாங்க. 10 நிமிஷம் வீச்சு. கடைசி 10 நிமிஷம் பலூன்: தோள் உயரத்துல கட்டி, கம்பு நுனியால தொட்டுட்டு உடனே பின்வாங்கணும். ஓங்கி அடிச்சா கணக்கில்லை. ஜோடியா நின்னு எதிராளியைக் கம்பால தொடுற ஆட்டமான தொடுமுறைக்கு வேண்டிய தூரக் கணக்கு இதுலயே படிஞ்சுடும். பத்துக்கு ஆறு ஏழு தொட்டா அளவு சரி. பத்தும் தொட்டுட்டா பலூனை ஆட்டி விடுங்க. மூணு நாலுதான்னா அரை அடி கிட்ட நிறுத்துங்க. அழுகை பெரும்பாலும் இந்த அளவு தப்பினதால வர்றதுதான்.

ஆற்காடு தம்பி: வீசும்போது கம்பு முழங்கையில அடிக்குது மாஸ்டர்.

இறுக்கிப் பிடிக்கிறே. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூணுலயும் கம்பு உருளணும், மத்த ரெண்டும் தளர்வா இருக்கணும். வலது கையில எத்தனை வீச்சோ, இடது கைக்கும் அதே எண்ணிக்கை.

ராணிப்பேட்டை: எட்டு வயசுக்குக் கம்பு உயரம்?

முதல் பதிலைப் பாருங்க. துணியால உருவவும் மறக்காதீங்க.

ஆம்பூர் அப்பா: பொண்ணுக்கு எட்டு வயசு. மூணு மணி நேரம் விடாம சுத்துற உலக சாதனைக்குப் பேர் கொடுக்கலாமா?

வேண்டாம். அந்த வயசுல மணிக்கட்டு எலும்பு வளர்ற இடம் இன்னும் குருத்து. களைச்ச கையில வீச்சு கோணலாகும், அதுவே பழக்கமாகும். போட்டியில தனிச்சுற்று சில நிமிஷம்தான். மூணு மணி நேரம் யாருக்காக?

வாணியம்பாடி: அரசு வேலையில விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீட்டுல சிலம்பம் இருக்கே, அதுக்கு இந்த உலக சாதனைச் சான்றிதழ் உதவாதா?

அந்த ஒதுக்கீடு அங்கீகரிச்ச போட்டிப் பதக்கத்துக்கு. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில சிலம்பம் செயல்விளக்க விளையாட்டா வந்துச்சு. கண்ணு அந்தப் பக்கம் இருக்கட்டும், பானை மேல நிக்கிறதுலயோ தீப்பந்தத்துலயோ வேண்டாம்.

ஆம்பூர் அப்பா: கூடப் படிக்கிறவங்க எல்லாம் போறாங்க மாஸ்டர். இவ ஏங்கிப் போயிடுவா.

அப்போ வீட்டுச் சாதனை வைங்க. கம்பு விழாம போன வாரம் 20 சுத்துன்னா இந்த வாரம் 22. ஒரு நிமிஷம் சுத்து, ஒரு நிமிஷம் ஓய்வு, கை மாத்தி. நோட்டுல அவளே எழுதட்டும்.

வாலாஜா: தொடுமுறைக்கு எப்போ விடலாம்?

காலைக் குனிஞ்சு பார்க்காம காலடி வரும்போது. தலைக்கவசம், மார்புக்கவசம் இல்லாம ஜோடி சேர்க்காதீங்க.

சோளிங்கர்: மே மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு வகுப்பு வைக்கலாமா?

வேலூர் வெயில் 40 டிகிரி தாண்டுற மாசம். காலையில ஏழரைக்குள்ள முடிச்சுடுங்க.

அரக்கோணம்: மணிக்கட்டு வலின்னா தைலம் போதுமா?

கம்பைக் கீழே வைக்கச் சொல்லுங்க. மறுநாளும் வலிச்சா எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. தைலம் தேய்ச்சுட்டு மறுபடி சுத்த விடாதீங்க.