மாசியில் பூவைக் காணோம், தோப்பு முழுக்கத் தளிர்: மருந்து ஊற்றலாமா?

கேள்வி: நத்தம் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் மாந்தோப்பு. 70 மரமும் பங்கனப்பள்ளி, 18 வயது. போன வருடம் நல்ல காய்ப்பு. இந்த வருடம் மாசி முடியப் போகிறது, பூவைக் காணோம். செம்பும் இளம்பச்சையுமாகத் தோப்பு முழுக்கத் தளிர். போகிறவர் வருகிறவர் நின்று படம் எடுக்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. மேட்டோரம் 9 மரம் மட்டும் பூத்திருக்கிறது. ஐப்பசியில் சொட்டுநீர் போட்டு ஊடுபயிராகத் தக்காளி வைத்தேன், அதுவும் விலை போகவில்லை. கல்டார் வாங்கி வேரில் ஊற்றினால் தளிர் அடங்கிப் பூ வரும் என்கிறார் கடைக்காரர். ஊற்றலாமா? இது போதாதென்று அணில் வேறு தளிரைக் கடித்துக் கடித்துப் போடுகிறது.
– ஒரு விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஊற்றாதீர்கள். கல்டார் என்று கடையில் கேட்டு வாங்குகிற பேக்லோபியூட்ரசால், மரத்தில் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி சுரப்பதைத் தடுத்துக் கொழுந்து ஓடாமல் நிறுத்தும் மருந்து. அதை ஊற்றும் காலம் செப்டம்பர். தளிர் வந்தபின் மார்ச்சில் ஊற்றினால் அந்தத் தளிர் பூவாக மாறிவிடாது. மருந்து மண்ணிலேயே தங்கும். அடுத்து வரும் கொழுந்து கணுவுக்குக் கணு நெருங்கிக் குட்டையாக நிற்கும். உங்கள் கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. செப்டம்பரில் விற்காத பாட்டிலை மார்ச்சில் தள்ளப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

‘பதிமூன்று பூஜ்யம் நாற்பத்தைந்து’ தெளித்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். அந்தப் பெயரில் விற்கிற பொட்டாசியம் நைட்ரேட் உரத்தை லிட்டருக்கு 10 கிராம் வீதம் பிப்ரவரியில் தெளிப்பது நல்ல முறைதான். ஆனால் அது முற்றின கிளையில்தான் வேலை செய்யும். நுனியில் ஓர் இலையைப் பறித்துக் கையில் கசக்கிப் பாருங்கள். மொறுமொறுவென நொறுங்கினால் முற்றின இலை. துணிபோலச் சுருண்டு மறுபடி விரிந்தால் தெளிப்பது வீண். உங்கள் தோப்பில் இப்போது இருப்பது இரண்டாவது வகை.

இதுவரை நீங்கள் கேட்டதற்குப் பதில். கேட்காமல், போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் என்னை உட்கார வைத்தன.

முதலாவது, அந்த 9 மரம். அதே ரகம், அதே வயது, அதே வெயில். அவை மட்டும் ஏன் பூத்தன? தக்காளிக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய் அந்த மேடு வரை போயிருக்காது. சரியா? மற்ற 61 மரமும் கார்த்திகை, மார்கழி முழுக்கத் தக்காளியோடு சேர்ந்து தண்ணீர் குடித்தன. தக்காளிக்கு விட்ட யூரியாவையும் குடித்தன. பனிக்காலத்தில் வேரடி காய்ந்து கிடந்தால்தான் மாமரத்தின் நுனிமொட்டு பூவுக்குத் திரும்பும். ஈரமும் தழைச்சத்தும் கிடைக்கிற மரம் ஏன் பூக்கப் போகிறது? தளிர்தான் விடும். நம் பக்கத்து மார்கழி இரவுக் குளிர் மட்டும் பூவைக் கொண்டுவரப் போதாது, மண் காய்வதும் கூட வேண்டும். நான் பணியில் இருந்தபோது ஒரு தோப்பில் குழாய் ஒரு மூட்டில் மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருந்தது. கசிவைச் சுற்றி நாலு மரம் தளதளவென்று தளிர், எட்டிப் போனால் எல்லாம் பூ. அன்று முதல் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அலுத்துப்போனவர்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழையை நாம் நிறுத்த முடியாது, மோட்டாரை நிறுத்தலாம். காய்க்கிற வயது மாமரத்துக்கு மழை ஓய்ந்த நாளிலிருந்து பூ வந்து பிஞ்சு பிடிக்கும்வரை ஒரு சொட்டும் கூடாது. ஊடுபயிர் வேண்டும் என்றால் ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக உளுந்தோ தட்டைப்பயறோ போடுங்கள். பூக்கவேண்டிய தோப்புக்குள் தக்காளி வேண்டாம்.

பங்கனப்பள்ளி ஒரு வருடம் கொட்டினால் மறுவருடம் இளைப்பாறும் ரகம் என்பதும் உண்மை. நீலமும் பெங்களூராவும் அப்படி இல்லை. ஆனால் பழியை ரகத்தின்மேல் போடவிடாமல் அந்த 9 மரமும் நிற்கின்றனவே.

இரண்டாவது, அணில். அணில் இலையை நேர்கோட்டில் வெட்டாது. நாளைக் காலை கீழே விழுந்த தளிரில் பத்தைப் பொறுக்கிப் பாருங்கள். காம்புப் பக்கம் கத்தரிக்கோலால் நறுக்கினாற்போல் குறுக்கே வெட்டு இருக்கும், மரத்தில் அடித்துண்டு மட்டும் காம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். இது இலைவெட்டும் கூன்வண்டின் வேலை. அரிசியளவுதான் இருக்கும், மூக்கு நீண்டிருக்கும். விழுந்த இலையின் நடுநரம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசி குத்தினாற்போல் புள்ளிகள் தெரியும். முட்டை அங்கேதான் இருக்கிறது. தாய்வண்டு முட்டையிட்ட பிறகு இலையை வெட்டிக் கீழே தள்ளும். புழு அந்த இலைக்குள்ளேயே சுரண்டித் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும்.

அதனால் விழுந்த இலைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் கூட்டி அள்ளி எரியுங்கள். குப்பைக்குழியில் கொட்டினால் புழு பிழைத்துக்கொள்ளும். மரத்தடியை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு லேசாகக் கொத்திவிட்டால் மண்ணில் இருப்பது வெயிலில் சாகும். இதற்கும் கடையில் ‘காம்போ’ என்று ஏதாவது பூச்சிமருந்துக் கலவை கொடுப்பார்கள். பக்கத்து 9 மரம் பூவில் இருக்கும்போது அதைத் தெளித்தால் மகரந்தம் சேர்க்கிற ஈயும் தேனீயும் போய்விடும். இலை அள்ளக் கூலி கொடுத்தாலும் மருந்தைவிடச் செலவு குறைவுதான்.

இதற்கு ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீங்கள் வயிறெரிந்து பார்க்கிற அந்தத் தளிர்தான் அடுத்த தையில் பூக்கப்போகிற கிளை. செம்பு நிறம் வெளிறிப் பச்சையாகி, பச்சை கறுத்துத் தடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். வண்டு கைவைப்பது அந்த இளம் நாட்களில்தான். புடவைக்கடையில் மாந்தளிர் நிறம் என்று தனி விலை சொல்கிறார்களே, அந்த நிறம் மாறும்வரை தோப்பில் ஒரு கண் வைத்திருங்கள். இலை கறுத்து, கசக்கினால் நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிட்டால் வண்டு அதை நாடாது.

அப்புறம், மேட்டு மரங்களுக்கு இப்போதே தண்ணீர் விடக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் தொடங்கினால் போதும்.