வழக்குத் தவணைக்கு முதல்நாள் இரவுக்கு ஒரு திட்டம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தங்கையின் மகனுக்கு 17 வயது. அடிபிடி வழக்கொன்றில் பிணையில் வந்திருக்கிறான். "நான் செத்தால் எல்லாருக்கும் நிம்மதி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். தற்கொலைத் தடுப்புக்குச் செயலிகள் இருக்கின்றனவாமே, எதைப் போட்டுக் கொடுப்பது?
– பெரியம்மா ஒருவர், கோண்டாவில்

பதில்: அம்மா, செயலி தேடுவதற்கு முன் அவனைத் தனியே இருத்தி நேராகக் கேளுங்கள்: "தம்பி, சாகவேணும் எண்டு யோசனை வருதோ? எப்பிடியெண்டும் யோசிச்சனியோ?" கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை. எப்படி, எப்போது என்பதுவரை யோசித்திருந்தால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ கூட்டிச் செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ். அந்த நேரத்தில் செயலியால் ஆவது ஒன்றுமில்லை.

எண்ணம் வந்துவந்து போகிறது என்றாலும் உளவளத்துணையாளர் ஒருவரை அவன் பார்க்கத்தான் வேண்டும். செயலி அவரோடு சேர்ந்து நிரப்புவதற்கு. நல்ல செயலிகளின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டம்தான். அதில் ஆறு படிகள்: ஆபத்து நெருங்கும் அடையாளம், தனியே செய்து மனதைத் திருப்பக்கூடியவை, மனதை மாற்றும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய சொந்தங்கள், தொழில்முறை உதவி, வீட்டை ஆபத்தில்லாததாக்குவது.

முதற்படியில் "கவலை" என்று ஒரு சொல்லை எழுதினால் பயனில்லை. "தவணைக்கு முதல்நாள் பின்னேரம் சோறு இறங்காது, போனை நிப்பாட்டிப்போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பன்" என்று அவனுடைய வாயில் வந்தபடியே எழுத வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்கிறான் என்றால் விடுங்கள், திருத்தாதீர்கள். இரண்டாம் படியில் இரவு இரண்டு மணிக்கும், சிக்னல் இல்லாமலும் செய்யக்கூடியவை மட்டும் இருக்கட்டும்.

வழக்கு உள்ள பிள்ளைகளுக்கு மூன்றாம் படியில்தான் பிழை நேர்கிறது. "நண்பர்களோடு மைதானத்துக்குப் போவேன்" என்று எழுதுவான். அந்த நண்பர்களில் ஒருவன் அதே வழக்கில் சந்தேகநபராக இருப்பான், அவனைச் சந்திக்கக்கூடாதென்பது பிணை நிபந்தனையாகவும் இருக்கலாம். மனதைக் காப்பாற்றப் போய்த் திரும்ப விளக்கமறியலில் முடியும். பிணைக் கட்டளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் இடத்தையும் சரிபாருங்கள். வெளிநாட்டுச் செயலி எதுவும் இதைக் கேட்காது.

ஐந்தாம் படியில் செயலி தானாகத் தரும் இலக்கங்களை நம்ப வேண்டாம். அமெரிக்கச் செயலியில் 988 இருக்கும், ஆஸ்திரேலியச் செயலியில் 13 11 14 இருக்கும். இங்கே அவற்றை அழுத்திப் பயனில்லை. 2019இல் வெளியான ஆய்வொன்று 69 செயலிகளைச் சோதித்தது. பத்து லட்சத்துக்கும் மேல் தரவிறக்கப்பட்ட சிலவற்றிலேயே பிழையான அல்லது இல்லாத உதவி இலக்கங்கள் இருந்தன. 1926 (தேசிய மனநல உதவிச்சேவை), 1333 (ஆலோசனை), 1929 (சிறுவர் உதவிச்சேவை) ஆகியவற்றை நீங்களே போட்டு, அவனுக்கு முன்னால் ஒருமுறை எடுத்து, இரவில் தமிழில் பேச ஆள் இருப்பார்களா என்று கேட்டு வையுங்கள்.

ஆறாவது படி உங்கள் வேலை. தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தையும் வீட்டு மாத்திரைகளையும் அவன் கைக்கு எட்டாத வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள். "ஒன்றைத் தடுத்தால் இன்னொன்றைத் தேடுவான்" என்பார்கள். நம் நாட்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கடும் நச்சுள்ள பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பிறகு அந்த வீதம் பெருமளவில் விழுந்தது. கொந்தளிப்பு தணியும்வரை கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்புகின்றன.

கேள்வி: நன்னடத்தைப் பிரிவில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் செயலியில் தினமும் பதியும் மனநிலையை நாங்களும் பார்க்கக் கூடியதாக வைத்தால் நல்லதல்லவா?
– யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது, ஆனாலும் வேண்டாம். தன்னைப் பற்றி நீதிமன்றுக்கு அறிக்கை எழுதுபவர் பார்க்கிறார் என்று தெரிந்த பிள்ளை முப்பது நாளும் "நல்லம்" என்றே பதியும். எச்சரிக்கைச் செய்தி நள்ளிரவில் உங்கள் போனுக்கு வந்தால் அதைப் பார்க்க யார் விழித்திருப்பார்? பார்ப்பார்கள் என்று நம்பிய பிள்ளை வேறு எவரையும் அழைக்காமல் காத்திருக்கும்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் யார் யாருக்குச் சொல்வது என்று பிள்ளையோடு பேசி, எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். மற்றது பிள்ளையுடையது. வழக்கின் விபரம் எதையும் செயலியில் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது தொலைபேசி அழைப்பு: தவணைக்கு முதல்நாள், தவணை முடிந்த பின்னேரம், விடுதலையான முதல் வாரங்கள். அமெரிக்காவில் முன்னாள் படையினரிடையே 2018இல் வெளியான ஆய்வில், பாதுகாப்புத் திட்டத்தோடு தொடர் அழைப்புகளும் பெற்றவர்களிடம் ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தைகள் 45 வீதம் குறைவாக இருந்தன. அவர்கள் வளர்ந்தவர்கள். ஆனாலும் அங்கே வேலை செய்தது திட்டமும் திரும்ப அழைத்த மனிதக் குரலும் சேர்ந்துதான்.

கேள்வி: ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இன்னொரு பொலிஸ் வழக்கு வருமோ?
– சுன்னாகம்

பதில்: தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமல்ல. இந்தப் பயத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: தம்பியின் போனைப் பொலிஸார் சான்றுப்பொருளாக எடுத்துவிட்டார்கள். திட்டம் அதற்குள் இருக்கிறது.
– சாவகச்சேரி

பதில்: இது அடிக்கடி நடக்கும். விளக்கமறியலுக்குள்ளும் போன் கிடையாது, உள்ளே கழியும் முதல் நாட்களோ மிக ஆபத்தானவை. தம்பியோடு இருந்து திட்டத்தை இன்றே திரும்ப எழுதுங்கள். அரைத்தாளில் ஆறு படிகளும் அடங்கும். இலக்கங்களைப் பெரிதாக எழுதுங்கள், போனில் சேமித்த இலக்கம் எவருக்கும் மனப்பாடமாக இருப்பதில்லை. நாலாக மடித்து அடையாள அட்டை உறைக்குள், அட்டைக்குப் பின்னால் செருகிவிடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று உளவளத்துணையாளரிடம். விளக்கமறியலுக்குப் போக நேர்ந்தால் முதல் நாளே அங்குள்ள மருத்துவருக்கோ நலன்புரி உத்தியோகத்தருக்கோ முதலாம் படியை வாசித்துக் காட்டுங்கள், அவனைத் தனி அறையில் விட வேண்டாம் என்றும் கேளுங்கள்.