துணிக்கடைத் துறையில் தலைமைப் பதவிக்குப் போக ஒரு பெண்ணுக்கு எம்பிஏ உதவுமா?

ஆறு வருடமாக ஒரு ரெடிமேட் சங்கிலிக் கடையில் பெண்கள் பிரிவுக்குப் பையராக (சரக்கைத் தேர்ந்து கொள்முதல் செய்பவராக) இருப்பதாகவும், எம்பிஏ படித்தால் தலைமைப் பதவி வரை போக முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "துணியைத் தொட்டாலே தரம் சொல்லிவிடுகிறாய், உனக்கு எதற்கம்மா எம்பிஏ?" என்று மேலாளர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பேசாமல் போக மனம் வரவில்லை. கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். எத்தனையோ திறமையான பெண்களை வருடக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார வைத்த பாராட்டு அது.

எந்த ரெடிமேட் நிறுவனத்தை எடுத்தாலும் உள்ளே இரண்டு பக்கம் இருக்கும். டிசைன், பையிங், கடைத்தளம், விஷுவல் மெர்ச்சண்டைசிங் (கடையில் சரக்கைக் காட்சிக்கு வைப்பது) எல்லாம் சரக்குப் பக்கம். ஸ்டாக் பிளானிங், நிதி, சப்ளை செயின், ஒரு மண்டலத்தின் லாப நட்டக் கணக்கு எல்லாம் பணப் பக்கம். பெண்கள் சரக்குப் பக்கத்தில் நிறைந்திருக்கிறார்கள். சிஇஓ நாற்காலிக்கு ஆள் தேடும்போது இயக்குநர் குழு பணப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறது. நடுவில் உள்ள கதவைத் திறக்க மேலாண்மைப் படிப்பு உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ரசனையை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பையர் என்பதால் ஓடிபி, அதாவது இந்த மாதம் இன்னும் எவ்வளவுக்கு வாங்கலாம் என்ற வரம்பு, உங்களுக்குத் தெரிந்ததுதான். மாத விற்பனைத் திட்டம் 40 லட்சம், தள்ளுபடிக்கு 4 லட்சம், மாதக் கடைசியில் இருக்க வேண்டிய ஸ்டாக் 90 லட்சம். மொத்தம் 134 லட்சம். இதில் கையிருப்பு 85 லட்சத்தையும், ஆர்டர் கொடுத்து வரவேண்டிய 30 லட்சத்தையும் கழித்தால் 19 லட்சம். இந்தப் 19 லட்சம் உங்கள் மேசைக்கு வரும், அதற்குள் கொள்முதல் செய்வீர்கள். ஆனால் கடைசி ஸ்டாக் 90 லட்சம் என்று முடிவு செய்தது யார்? எதை வைத்து? அதை முடிவு செய்யும் அறைக்குள் போவதற்குத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

அதனால் பாடத்தேர்வு முக்கியம். லக்ஷுரி பிராண்ட், டிஜிட்டல் மார்க்கெட்டிங் போன்ற விருப்பப் பாடங்கள் ஃபேஷன் துறையிலிருந்து போகிறவர்களைச் சட்டென்று இழுக்கும். அவற்றில் பாதியை வேலையிலேயே கற்றிருப்பீர்கள். ஆபரேஷன்ஸ், மேனேஜ்மெண்ட் அக்கவுண்டிங், பிரைசிங், இந்த மூன்றையும் விடாதீர்கள்.

ஒரு உதாரணம். பார்ட்டி கவுன் வருடத்துக்கு 10 லட்சம் விற்கிறது, மார்ஜின் (வாங்கிய விலை போக விற்பனையில் நிற்பது) 60 சதவீதம், அதாவது 6 லட்சம். சாதா லெக்கிங்ஸும் 10 லட்சம்தான், மார்ஜின் 35 சதவீதம், 3.5 லட்சம். ரிவ்யூ மீட்டிங்கில் கவுன் வாங்கியவருக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். இப்போது ஸ்டாக்கில் முடங்கிய பணத்தைப் பாருங்கள். கவுனில் சராசரியாக 5 லட்சம் (வாங்கிய விலையில்), லெக்கிங்ஸில் 1.3 லட்சம். கவுனில் போட்ட ஒரு ரூபாய் வருடத்துக்கு 1.20 ரூபாய் மார்ஜின் தருகிறது. லெக்கிங்ஸ் ஏறக்குறைய 2.70 தருகிறது. ஜிஎம்ஆர்ஓஐ என்று இதற்குப் பெயர். கவுனை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. கண்ணாடி ஷோகேஸில் கவுன் நின்றால்தான் ஆள் உள்ளே வருவார். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம்தான் பட்ஜெட் போகிறது.

அடுத்தது மார்க்டவுன், அதாவது விற்காத சரக்கின் விலையைக் குறைப்பது. 500 ரூபாய்க்கு வாங்கிய குர்தி 100 பீஸ், விற்பனை விலை 1,250 (ஜிஎஸ்டியைத் தள்ளிவைப்போம்). 60 பீஸ் முழு விலைக்குப் போகிறது. மீதியில் 25 பீஸை 30 சதவீதத் தள்ளுபடியில் முன்கூட்டியே தள்ளிவிட்டு, கடைசி 15ஐப் பாதி விலைக்குக் கொடுத்தால் மொத்தம் 1,06,250 ரூபாய், மார்ஜின் 53 சதவீதம். "இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம்" என்று காத்திருந்து, 10 பீஸ் மட்டும் 30 சதவீதத்தில் போய், 30 பீஸ் சீசன் முடிவில் 70 சதவீதத் தள்ளுபடிக்குப் போனால் 95,000. மார்ஜின் 47. துணியும் ஒன்று, தேர்வும் ஒன்று. கெட்டது தாமதத்தால்தான். தான் எடுத்த டிசைன் தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனம் வராததால் வருகிற தாமதம் இது. படிப்பு இதற்கு ஒரு ஒழுங்கு தரும்: 12 வார சீசன் என்றால் நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறதா என்று பார், போகவில்லை என்றால் அன்றைக்கே விலையைத் தொடு.

மூன்றாவது, சைஸ் விகிதம். எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் ஒவ்வொன்றிலும் 20 என்று ஆர்டர் போட்டால், எம்மும் எல்லும் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். ராக்கில் துணி நிறையத் தொங்கும், வருகிறவருக்குச் சைஸ் இருக்காது. ரிப்போர்ட்டில் 55 சதவீதம்தான் விற்றதாகக் காட்டும், டிசைன் மேல் பழி விழும். எல் சைஸ் கேட்டுத் திரும்பிப் போன பெண் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. அடுத்த சீசனும் அதே தரவை வைத்து ஆர்டர் போட்டால் அதே தவறு. விற்றது வேறு, தேவை வேறு என்பதை ஆபரேஷன்ஸ் வகுப்பில் கணக்காகவே சொல்லித்தருவார்கள். ஒரு பீஸ் பற்றாமல் போனால் 750 ரூபாய் இழப்பு, மிஞ்சினால் 200 ரூபாய் இழப்பு என்றால், 750ஐ இரண்டின் கூட்டுத்தொகை 950ஆல் வகுத்தால் 0.79. தேவையை 79 சதவீத வாய்ப்பில் ஈடுகட்டும் அளவுக்கு வாங்கலாம். அனுபவமுள்ள பையர் கிட்டத்தட்ட அங்கேதான் வருவார். ஏன் என்று நிதித் தலைவருக்கு விளக்கத் தெரியாததால் அவருடைய ஆர்டரில் கை வைப்பார்கள்.

இனி ஆட்கள். அமெரிக்க ஆடை நிறுவனமான அபர்க்ரோம்பி அண்ட் ஃபிட்ச்சுக்கு 2017ல் சிஇஓவாக வந்த ஃப்ரான் ஹோரோவிட்ஸ் உங்கள் பாதைக்கு அருகில் இருப்பவர். ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ, புளூமிங்டேல்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் கடையில் நீண்ட காலம் மெர்ச்சண்டைசிங். சரக்கும் கணக்கும் ஒரே கையில் இருந்தன. எச் அண்ட் எம்மின் ஹெலனா ஹெல்மெர்சன் ஸ்வீடனில் வணிக நிர்வாகம் படித்து 1997ல் கொள்முதல் பிரிவில் சேர்ந்தார். டாக்கா, உற்பத்தி, செயல்பாடுகள் என்று பணப் பக்கத்தைச் சுற்றிவந்துதான் 2020ல் சிஇஓ ஆனார்.

உடைகளை வாடகைக்கு விடும் ரென்ட் தி ரன்வேயைத் தொடங்கிய ஜெனிஃபர் ஹைமனும் ஜெனிஃபர் ஃப்ளீஸும் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் மாணவிகள். கடை போடும் முன்பே கல்லூரி வளாகத்தில் சோதனை செய்தார்கள். ஹார்வர்டில் உடையைப் போட்டுப் பார்த்து வாடகைக்கு எடுக்க விட்டார்கள். யேலில் பார்க்கலாம், போட்டுப் பார்க்க முடியாது. மூன்றாவது முறை படம் மட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு வசதியைக் கழித்து, எத்தனை பேர் இன்னும் காசு கொடுக்கிறார்கள் என்று எண்ணினார்கள். படிக்கும் காலத்தில் இப்படித் தோற்றாலும் வேலை போகாது. வேலையில் இருந்துகொண்டு இதைச் செய்ய யாரும் விடமாட்டார்கள்.

"பிரிட்டிஷ் ஃபேஷன் நிறுவனம் பர்பெரியை நடத்திய ஏஞ்சலா அரென்ட்ஸ் எம்பிஏவா படித்தார்?" என்று யாராவது கேட்பார்கள், தெரியும். இல்லைதான். பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மெர்ச்சண்டைசிங், மார்க்கெட்டிங் பட்டத்தோடு சரி. பட்டம் இல்லாமல் முடியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. வழி காட்டும் மேலதிகாரி கிடைத்தால் வேலையிலேயே பணப் பக்கத்துக்குப் போகலாம். உங்கள் மேலாளர் அப்படிப்பட்டவர் இல்லை என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான ஷனெலின் லீனா நாயர் ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐயில் மனிதவளம் படித்து, யூனிலீவரில் முப்பது வருடம் இருந்து, 2022ல் ஷனெலில் சிஇஓ ஆனவர். பெருமையான விஷயம். ஆனால் அதைக் காட்டி உங்களை மனிதவளப் பக்கம் தள்ளப் பார்த்தால் சம்மதிக்காதீர்கள். அந்த வழியில் சிஇஓ ஆனவர்கள் மிகக் குறைவு. கேம்பஸ் தேர்வில் பெண் என்றதும் மனிதவளம், பிராண்ட் என்று நீட்டுவது இன்னும் நிற்கவில்லை.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது, கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் சொல்கிறேன். வாடிக்கையாளர் அனுபவம் பற்றி வகுப்பில் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். அந்த அனுபவத்தைத் தருகிற விற்பனைப் பெண்கள் பல மணி நேரம் நின்றே வேலை செய்தார்கள். அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018லும் தமிழ்நாடு 2021லும் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. ஒரு ஸ்டூலின் விலை எத்தனை குர்தி? தளத்திலிருந்து மேலே போகிற நீங்களாவது இதை மறக்காதீர்கள்.

நடைமுறைக்கு வருவோம். ஆறு வருட அனுபவம் இருப்பதால் இரண்டு வருடப் படிப்பு அவசியமில்லை. ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ், இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் (ஐஎஸ்பி) பிஜிபி போன்ற ஒரு வருடப் படிப்புகளைப் பாருங்கள். தேசிய ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட்டின் ஃபேஷன் மேலாண்மை முதுகலை நல்ல படிப்புதான், ஆனால் துறைக்குள் நுழைகிறவர்களுக்கு அது பொருந்தும் அளவுக்கு ஏற்கெனவே உள்ளே இருக்கும் உங்களுக்குப் பொருந்தாது. வீட்டுச் சூழல் விடவில்லை என்றால் வார இறுதி வகுப்பு, அதோடு உங்கள் நிறுவனத்திலேயே பிளானிங்குக்கு இடமாற்றம்.

கட்டணம் கட்டும் முன் அந்தக் கல்லூரியில் படித்து ரீடெயிலுக்குப் போன மூன்று பெண்களைத் தேடிப் பேசுங்கள். என்ன பதவி என்று கேட்காதீர்கள். எத்தனை கோடி விற்பனைக்கு லாப நட்டப் பொறுப்பு உங்கள் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். மூவரில் ஒருவரிடம்கூட அப்படி ஒரு எண் இல்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.