விழித்திருந்தும் உறங்குவதுபோல்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 20. மும்பை தாராவியில் ஒரே அறை கொண்ட வீட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். இரவு 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம். ஆனால் 4 மணிக்கு முன் எனக்கு உறக்கம் வருவதில்லை. காலை 7 மணி வகுப்புகளைத் தவறவிட்டதில் என் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. அப்பா என்னைச் சோம்பேறி என்கிறார். அம்மா கைப்பேசிமேல் பழி போடுகிறார். அதை அவரிடமே கொடுத்துவிட்டுப் படுத்த 10 நாளும் இதே நிலைதான். விடுமுறை நாள்களில் 4 முதல் 11 வரை நன்றாக உறங்குகிறேன். அதற்கும் சோம்பேறி என்ற பெயர்தான். இட்லி வியாபாரத்துக்காக அம்மா 3.30 மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும்போது, உறங்குவதுபோல் கண்களை மூடிக்கொள்வேன், அது வேறு விஷயம். என்னை ஏன் யாரும் புரிந்துகொள்வதில்லை?

அன்புள்ள தம்பிக்கு,

'வேறு விஷயம்' என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட இடத்தில்தான் உங்கள் வலி இருக்கிறது.

முதலில், நீங்கள் சோம்பேறி இல்லை. உறக்க நேரம் பின்தள்ளிப்போகும் இந்த நிலையை மருத்துவர்கள் 1981-லேயே விவரித்திருக்கிறார்கள். மூளையிலுள்ள உயிர்க்கடிகாரம் தாமதமாக ஓடுவதால், உறக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதும் தாமதமாகிறது. இளம் வயதில் இது அதிகம் காணப்படுகிறது. தம் போக்கில் விட்டால் இந்த நிலை உள்ளவர்கள் குறையின்றி உறங்குவார்கள். நீங்கள் எழுதியிருப்பது இதனுடன் பொருந்துகிறது.

ஆனால், உங்கள் அம்மாவின் கண்ணுக்குத் தெரிவது என்ன? 10 மணிக்குப் படுத்துப் பகல் 11 மணிக்கும் எழாத மகன். 13 மணி நேரம் உறங்குவதாகத் தோன்றும் மகனைப் பற்றி, 3.30 மணிக்கு எழுந்து உழைக்கும் ஒரு பெண் வேறு என்ன நினைக்க முடியும்? அவர் புரிந்துகொள்ளவில்லை என்று நீங்கள் குறைப்படுவது நியாயமில்லை. புரிந்துகொள்வதற்கான ஒரே சான்றை ஒவ்வொரு இரவும் நீங்களே மறைக்கிறீர்கள். வேலைக்கு அழைப்பார் என்று அஞ்சி நீங்கள் கண்களை மூடிக்கொள்வதாக நான் நினைக்கவில்லை. அவர் உழைப்பின் எதிரே விழித்தபடி சும்மா கிடக்கிறோமே என்ற கூச்சம்தான் உங்களை மூடவைக்கிறது. அந்தக் கூச்சம் அன்பிலிருந்து வருவது. அதை அவரிடம் மறைக்க வேண்டியதில்லை.

இரண்டு வாரம் உறங்கிய, விழித்த நேரங்களைக் குறித்து, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். விழித்ததும் வெயிலில் அரை மணி நேரம் நில்லுங்கள். மெலடோனின் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

நாளை அடுப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு இன்னும் உறக்கமே வரவில்லை, அம்மா" என்று சொல்லுங்கள். முதல் ஈடு இட்லி இறங்கும்வரை அவர் பக்கத்தில் இருந்துவிட்டுப் பிறகு படுங்கள்.