இசை கேள்வி–பதில்: பவர் மெட்டலும் விரல் வேகமும்

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் சில ஆண்டுகளாகக் கிதார் வாசித்து வருகிறேன். பவர் மெட்டல் எனும் அதிவேக ராக் இசை வாசிக்கும் டிராகன்ஃபோர்ஸ் குழுவின் ‘த்ரூ தி ஃபயர் அண்ட் ஃபிளேம்ஸ்’ பாடலைக் கேட்டதிலிருந்து அந்த வேகத்தை எட்ட வேண்டும் என்று ஆசை. ஒலிப்பதிவைக் கணினியில் வேகமாக ஓட்டித்தான் அப்படிக் காட்டுகிறார்கள் என்கிறான் என் நண்பன். உண்மையா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் நண்பரின் ஐயம் புதிதன்று. 2006-இல் வெளிவந்த அந்தப் பாடல், மறு ஆண்டே ‘கிதார் ஹீரோ 3’ என்ற வீடியோ விளையாட்டில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது முதல் இந்தக் கேள்வி எழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். பாடலின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 தட்டு. தட்டுக்கு நான்கு சுரம் என்றால் நொடிக்குப் பதின்மூன்று சுரங்களுக்குச் சற்று மேல். தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்கைக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாற்றி மாற்றி மீட்டும் ஆல்டர்நேட் பிக்கிங்கில், மணிக்கட்டு நொடிக்கு ஏழு முறைகூட முழுதாகப் போய்வர வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற கைக்கு இது எட்டாத வேகமன்று. குழுவின் கிதாரிஸ்டுகளான ஹெர்மன் லீயும் சாம் டாட்மனும் இந்தப் பாடலைப் பல ஆண்டுகளாக மேடையிலேயே வாசித்து வருகிறார்கள்.

தடை பெரும்பாலும் வலக்கையின் வேகத்தில் இல்லை. இரண்டு கைகளும் ஒரே கணத்தில் சேராததில்தான் இருக்கிறது. பாடகர் குழுவில் கார்டு, அதாவது பல சுரங்களை ஒருசேர, அடித்துப் பழகிய உங்கள் கை முழங்கையிலிருந்து அசையும். தனிச்சுர வாசிப்புக்கு உள்ளங்கையின் ஓரத்தை, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் இலேசாக ஊன்றி, மணிக்கட்டை மட்டும் அசைக்க வேண்டும். அப்படி ஊன்றிய கையே வாசிக்காத தடித்த தந்திகளை அடக்கியும் வைக்கும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்ட ஆம்பில் (ஒலிபெருக்கியில்) அடக்காத தந்தி ஒன்று இருந்தாலும் எல்லாம் இரைச்சலாகிவிடும். பிக்கின் நுனி தந்திக்குக் கீழே ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. இடக்கை விரல்கள், குறிப்பாகச் சுண்டுவிரல், கிதார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டையான ஃபிரெட்டை விட்டு உயரத் துள்ளுகின்றனவா என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். தவறு உங்கள் கண்ணுக்கே தெரியும்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து, தட்டுக்கு நான்கு சுரம் சுத்தமாக விழுந்த பிறகே நான்கைந்து எண்ணாக ஏற்றுங்கள். இடையிடையே ஐந்தே சுரங்களை மட்டும் இலக்கு வேகத்தில் வாசித்து நிறுத்திக் கையைத் தளர்த்துங்கள். முழு வேகத்தில் கை எப்படி அசையும் என்பதை உடல் அப்போதுதான் அறியும். முன்கையில் வலி கண்டால் அன்றைக்கு அதோடு போதும்.

கேள்வி: நான் கர்நாடக வயலின் கற்கிறேன். இந்த வேகக் கிதார் வெறும் வித்தை, அதில் ராகம் ஏது என்கிறார் என் பெரியப்பா. என்ன சொல்வது?
– வாசகி, இராமநாதபுரம்

பதில்: யிங்வி மால்ம்ஸ்டீனின் 1984-ஆம் ஆண்டு ‘ரைசிங் ஃபோர்ஸ்’ தொகுப்பைப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். பவர் மெட்டல் கிதாரிஸ்டுகள் பலருக்கு முன்னோடியான இந்த ஸ்வீடன் நாட்டுக்காரர் ஓயாமல் கையாளும் ஹார்மோனிக் மைனர் என்ற மேற்கத்திய சுரவரிசை நம் கீரவாணி ராகத்தின் சுரங்களைக் கொண்டதே. அதையே பஞ்சமத்திலிருந்து தொடங்கினால் வகுளாபரணம் வந்துவிடும். ஆனால் சுரங்கள் ஒன்று என்பதற்காக ராகம் ஒன்றாகிவிடாது, அந்த அளவில் பெரியப்பா சொல்வது சரி. அங்கே சுரங்கள் பெரும்பாலும் நேராக நிற்கின்றன, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் இல்லை. மால்ம்ஸ்டீன் தம் கிதாரில் ஃபிரெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழித்து வைத்திருப்பார். விரல் மரத்தில் உரசாததால் தந்தியை இழுத்து வளைப்பது எளிது. ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் 1970-களில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தபோது இப்படிக் குழித்த கிதாரைத்தான் வைத்திருந்தார்.

வித்தை என்ற குற்றச்சாட்டு சில குழுக்களுக்குப் பொருந்தும். என்னைக் கேட்டால், டிராகன்ஃபோர்ஸைவிட ஹாம்பர்க் நகரத்து ஹெலோவீன் குழுவின் 1987, 1988-ஆம் ஆண்டுத் தொகுப்புகளையே முதலில் கேட்கச் சொல்வேன். அக்குழுவின் கிதாரிஸ்டுகள் கை ஹான்சனும் மைக்கேல் வைகாத்தும் இரட்டைக் கிதாரில் ஒரே மெட்டைச் சில சுர இடைவெளி விட்டு இணைந்து வாசிக்கும் இடங்களை வாய்விட்டுப் பாடலாம். வேகம் அந்த மெட்டுக்கு அடங்கியே ஓடுகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் காட்டிய வேகத்தைப் பெரியப்பா வித்தை என்று தள்ளியிருக்க மாட்டார் அல்லவா?

கேள்வி: வேகமாக வாசிக்க ஏழு தந்திக் கிதார் வேண்டுமா?
– வாசகர், தொண்டி

பதில்: வேண்டாம். இருக்கும் ஆறு தந்திகளே போதும்.

கேள்வி: புதுத் தந்தி மாட்டிச் சில வாரங்களிலேயே துருப்பிடிக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், மண்டபம்

பதில்: இருபுறமும் கடல் உள்ள ஊரில் காற்றின் உப்பும் கை வியர்வையும் எஃகுத் தந்தியை விட்டுவைக்காது. துருவேறிய தந்தியில் விரல் வழுக்காமல் பிடிப்பதால் வேகமும் குறையும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும், அதன் அடிப்பக்கம் உட்பட, உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். விலை கூடினாலும் மேற்பூச்சு உள்ள தந்தி உங்கள் ஊருக்குக் கட்டுப்படியாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கத்துச் சன்னலருகே கிதாரை மாட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட பெட்டியில் மூடி வையுங்கள். பிரிட்ஜின் சிறு திருகுகளையும் ஒயர் செருகும் துளையையும் அவ்வப்போது பாருங்கள். ஆம்பில் கரகரப்பு கேட்டால் பெரும்பாலும் அங்கேதான் உப்பு படிந்திருக்கும். தந்திக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவிவிடாதீர்கள். அழுக்கைச் சேர்த்து ஒலியை மந்தமாக்கிவிடும்.